வெளிநாட்டில் யாரோடு பேசுவது? தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து புறப்படுவோருக்கு

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஒரு வீட்டுப் பிள்ளைக்கு விசா வந்துவிட்டால், சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே பெரியவர்கள் கேட்பது ஒன்று உண்டு: "அங்கே நமக்குத் தெரிந்தவர் யாரப்பா இருக்கிறார்?" ஒன்றுவிட்ட அண்ணனோ, அத்தையின் மருமகனோ, பக்கத்து ஊர்க்காரரோ ஒருவர் இருந்துவிட்டால் வீட்டில் பாதிக் கவலை தீர்ந்துவிடும். கேட்கத்தக்க கேள்விதான் அது. விமான நிலையத்திலிருந்து அழைத்துப்போகவும், முதல் வாரம் தங்க இடம் கொடுக்கவும், புழுங்கலரிசி எந்தக் கடையில் கிடைக்கும் என்று சொல்லவும் ஓர் ஆள் வேண்டும்.

ஆனால் வெளிநாடு போனவர்கள் பெரும்பாலும் முதல் வாரத்தில் சோர்ந்துபோவதில்லை. வேலை பழகி, அறை அமைந்து, ஊருக்குப் பணம் அனுப்பத் தொடங்கிய பிறகு, நான்காவது ஐந்தாவது மாதத்தில்தான் மனம் தளர்கிறது. தங்க இடம் கொடுப்பவரின் தேவை அப்போது முடிந்திருக்கும். மனம்விட்டுப் பேசக்கூடியவரின் தேவை தொடங்கியிருக்கும். இரண்டையும் ஒரே ஆளிடம், ஒரே சங்கத்திடம் எதிர்பார்ப்பதால்தான் பலர் ஏமாற்றம் அடைகிறார்கள் என்பது என் கருத்து. ஊர்க்காரர் கிடைப்பது ஒரு வகை. மனம் ஒத்தவர் கிடைப்பது முற்றிலும் வேறு வகை. அந்த இரண்டாம் வகை எப்படி நடக்கிறது என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

நம் பகுதியின் பழக்கம் பெங்களூரில் உருவானது. மானாவாரி நிலம், ஏமாற்றும் மழை. பென்னாகரம், அரூர், பாலக்கோடு, ஊத்தங்கரைப் பக்கத்து ஊர்களிலிருந்து கட்டட வேலைக்குப் பெங்களூர் போனவர்கள் தனித்தனியாகப் போகவில்லை. முதலில் ஒரு மேஸ்திரி போனார். பிறகு அவருடைய தம்பி, தம்பியின் நண்பன், நண்பனின் மைத்துனன் என்று ஒரு தெருவே போய் ஒரே இடத்தில் ஷெட் போட்டுத் தங்கியது. சமூக அறிவியலில் இதைச் சங்கிலித் தொடர் இடப்பெயர்வு என்பார்கள். முன்னால் போனவர் தரும் தகவலும் உத்தரவாதமும் பின்னால் வருபவரின் செலவையும் அச்சத்தையும் குறைத்துவிடும். வேலை, தங்குமிடம், கடன், காய்ச்சல் வந்தால் கஞ்சி, எல்லாம் ஒரே வலைக்குள் கிடைத்துவிடும்.

இந்த வலைக்கு ஒரு வரம்பும் இருக்கிறது. மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதைத்தான் பேசுகிறது. நெருங்கியவர்கள் எல்லோரும் ஒரே வட்டத்தில் புழங்குவதால் ஒருவருக்குத் தெரிந்ததே மற்றவருக்கும் தெரிந்திருக்கும்; புதிய செய்தியும் புதிய வாய்ப்பும் அரைகுறைப் பழக்கம் உள்ளவர்கள் வழியாகவே வரும் என்பது அவர் முடிவு. மேஸ்திரியின் வட்டத்துக்குள்ளேயே இருப்பவருக்கு அடுத்த கட்டட வேலை நிச்சயம் கிடைக்கும். எலெக்ட்ரீஷியன் உரிமம் வாங்குவது எப்படி என்று சொல்ல அங்கே ஆள் இருக்க மாட்டார்.

வெளிநாடு என்று வரும்போது நம் இரு மாவட்டங்களுக்கு இன்னொரு தனி நிலைமை இருக்கிறது. நாகூருக்குப் பினாங்கும், செட்டிநாட்டுக்குப் பர்மாவும் மலாயாவும், கீழக்கரைக்கு வளைகுடாவும் பல காலமாகப் பழகிய தடங்கள். அந்த ஊர்க்காரர் அங்கே இறங்கும்போது அவருக்கென்று ஒரு தெரு, ஒரு கடை, ஒரு மடம் இருந்தது. கடல் பார்க்காத நமக்கு அப்படி ஒரு தடம் இல்லை. கிருஷ்ணகிரி மாங்கூழ் வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் டின்டின்னாகக் கப்பலேறுகிறது. ஆட்கள் போகும் வழி அந்த அளவுக்குப் பழகவில்லை. ஓசூர் ஆலையிலிருந்து ஒரு பொறியாளர், தருமபுரியிலிருந்து ஒரு செவிலியர், காவேரிப்பட்டினத்திலிருந்து ஓர் ஓட்டுநர் என்று தனித்தனியாகத்தான் போகிறார்கள். ஆகவே ஊர்க்காரர் வலையைவிடப் பொதுவான தமிழ்ச் சங்கத்தின் கதவையே இவர்கள் முதலில் தட்ட வேண்டியிருக்கிறது.

அந்தக் கதவு நாட்டுக்கு நாடு வேறுபடும். வட அமெரிக்காவில் சங்கம் தொடங்குவது எளிது. ஊருக்கு ஊர் தமிழ்ச் சங்கங்கள் இருக்கின்றன. அவற்றை இணைக்கும் வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவை 1987-இல் உருவானது. ஜெர்மனியில் பதிவுபெற்ற சங்கம் வேண்டுமென்றால் குறைந்தது ஏழு உறுப்பினர்கள் இருக்க வேண்டும் என்று அந்த நாட்டு உரிமையியல் சட்டமே சொல்கிறது. உதைபந்து, தோட்டம், சதுரங்கம், பாட்டு என்று எல்லாவற்றுக்கும் அங்கே சங்கம் உண்டு. ஜெர்மானியர்கள் நட்பு கொள்ளும் இடமும் பெரும்பாலும் அதுதான். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை தேக்கா, சிராங்கூன் சாலைப் பக்கம் போனால் விடுதிகளில் தங்கி வேலை செய்யும் தொழிலாளர்கள் பணம் அனுப்பவும், சாப்பிடவும், ஊர் முகங்களைப் பார்க்கவும் கூடுவதைக் காணலாம். அவர்களுக்குச் சங்கம் என்பது அந்தச் சாலையோரம்தான்.

வளைகுடாவில் நிலைமை வேறு, அதைப் புறப்படுமுன் தெரிந்துகொள்வது மிக அவசியம். அங்கே நினைத்தபடி ஓர் அமைப்பைத் தொடங்கிப் பெயர்ப்பலகை வைத்துவிட முடியாது; அரசின் அனுமதியோ தூதரகத்தின் அரவணைப்போ வேண்டும். கத்தாரில் இந்தியக் கலாச்சார மையம், இந்திய சமூக நல மன்றம், இந்திய விளையாட்டு மையம் ஆகியவை தூதரகத்தின் கீழ் இயங்குகின்றன. ஓமானில் இந்தியன் சோஷியல் கிளப்பின் பிரிவுகளாக மொழிவாரி அமைப்புகள் இருக்கின்றன. ஐக்கிய அரபு அமீரகத்தில் அனுமதி பெறாமல் பொதுமக்களிடம் நிதி திரட்டுவது குற்றம். தொழிலாளர் முகாமில் ஒருவர் இறந்துவிட்டார், உடலை ஊருக்கு அனுப்ப ஆளுக்குக் கொஞ்சம் போடுவோம் என்று நல்லெண்ணத்தில் இறங்குபவர் வழக்கில் மாட்டிக்கொள்ளக் கூடும். இப்படிப்பட்ட நேரத்துக்காகவே இந்தியத் தூதரகங்களில் 2009 முதல் இந்திய சமூக நல நிதி இருக்கிறது. உடலைக் கொண்டுவருவது, கைவிடப்பட்ட தொழிலாளிக்கு விமான டிக்கெட், சட்ட உதவி எல்லாம் அதில் அடங்கும். இதைத் தெரிந்துவைத்திருக்கும் ஓர் அனுபவசாலி முகாமில் இருப்பது பத்து நண்பர்கள் இருப்பதற்குச் சமம்.

இன்னொரு சிறு செய்தி: அமீரகம் 2022 ஜனவரியில் வார விடுமுறையை வெள்ளி, சனியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாற்றியது. கூட்டங்களும் ஆட்டங்களும் நடக்கும் நாள்களும் அதற்கேற்ப இடம் மாறின. பத்தாண்டுகளுக்கு முன் போய்வந்தவர் சொல்லும் நேரத்தை நம்பிப் போக வேண்டாம்.

இனி முக்கியமான பகுதிக்கு வருகிறேன். சங்கத்தில் சேர்ந்த பிறகும் தனிமை ஏன் போவதில்லை? கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல விடை தருகிறது. அண்மையில் ஊர் மாறி வந்தவர்களிடமும் புதிதாகச் சேர்ந்த கல்லூரி மாணவர்களிடமும் அவர் கேட்டறிந்தார். அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரம், நண்பர் என்று உறுதியாகச் சொல்லும் நிலைக்கு 90 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து கழிக்க வேண்டும் என்று கணக்கு வந்தது. அலுவலகத்தில் பக்கத்து இருக்கையில் வேலை செய்த நேரம் இதில் அவ்வளவாக உதவுவதில்லை. விருப்பத்தோடு சேர்ந்திருக்கும் நேரமே கணக்கில் ஏறுகிறது.

இந்தக் கணக்கை நம் பழக்கத்தின் மேல் வைத்துப் பாருங்கள். பொங்கல், சித்திரை, தீபாவளி என்று ஆண்டுக்கு மூன்று விழாக்கள்; ஒவ்வொன்றிலும் நான்கு மணி நேரம். ஆண்டுக்குப் பன்னிரண்டு மணி நேரம்தான் ஆகிறது. அதிலும் பாதி மேடையைப் பார்த்து அமர்ந்திருப்பது. இந்த வேகத்தில் சாதாரண நட்புக்கே நான்கு ஆண்டுகள் ஆகும். அதற்குள் போனவர் ஒப்பந்தம் முடிந்து வீடு திரும்பிவிடுவார். மாறாக, வாரம் இரண்டு மணி நேரம் ஒரே பத்துப் பேரோடு பறை பழகுகிறார், அல்லது கிரிக்கெட் ஆடுகிறார், அல்லது கோயிலில் அன்னதானத்துக்குக் காய் நறுக்குகிறார் என்றால், ஆறு மாதத்தில் 50 மணி நேரம் வந்துவிடும். இரண்டு ஆண்டில் 200. விழாவுக்கு ஆயிரம் பேர் வரும் சங்கத்தைவிட, வாரந்தோறும் பத்துப் பேர் கூடும் மூலை நட்புக்கு ஏற்றது. சங்கத்தில் சேரும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, "வாராவாரம் இங்கே என்ன நடக்கிறது?" என்பதே. ஒன்றும் நடக்கவில்லை என்றால் உறுப்பினர் கட்டணத்தைக் கட்டிவிட்டு நட்பை வேறிடத்தில் தேடுங்கள்.

அந்த வேறிடம் தமிழர்கள் கூடும் இடமாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பிரிட்டனில் 2004-இல் லண்டன் புஷி பூங்காவில் தொடங்கிய பார்க்ரன் இப்போது பல நாடுகளில் நடக்கிறது. சனிக்கிழமை காலை ஐந்து கிலோமீட்டர், கட்டணம் இல்லை, ஓடலாம் அல்லது நடக்கலாம், முடிந்ததும் பலர் சேர்ந்து தேநீர் குடிப்பார்கள். பல நகரங்களின் பொது நூலகங்களில் உள்ளூர் மொழி பேசிப் பழகும் வட்டங்கள் இருக்கின்றன. மொழி தெரியாத கூச்சத்தால் நம் பிள்ளைகள் இவற்றைத் தவிர்க்கிறார்கள். அந்தக் கூச்சத்தோடு வருபவர்களுக்காகவே அந்த வட்டம் நடக்கிறது.

கலாச்சார அதிர்ச்சி பற்றி 1960-இல் எழுதிய மானிடவியலாளர் காலர்வோ ஓபெர்க் ஒரு நுட்பமான உண்மையைக் கவனித்தார். ஆரம்ப மகிழ்ச்சி வடிந்ததும் வருகிற இரண்டாம் கட்டத்தில், வந்தவர்கள் சொந்த நாட்டவரோடு கூடி வந்த நாட்டைக் குறைசொல்லத் தொடங்குவார்கள். குளிர், சாப்பாடு, மேலாளர், பக்கத்து வீட்டுக்காரர் என்று குறைகளே அந்தக் கூட்டத்தின் பேச்சு. முதலில் ஆறுதலாக இருக்கும். மனம் ஒத்தவர்கள் கிடைத்துவிட்டார்கள் என்றும் தோன்றும். ஒத்திருப்பது வருத்தம் மட்டுமே என்பது, ஒருவருக்கு அந்த நாடு பிடித்துப்போகும் நாளில் தெரியவரும். அவர் அந்தக் கூட்டத்துக்கு அந்நியர் ஆகிவிடுவார்.

ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போகிறவர்கள் அறிந்திருக்க வேண்டியது ஒன்று: அங்கே தமிழ்ச் சமூகம் என்றால் பெரும்பாலும் ஈழத் தமிழர்களே. 1983 ஜூலை வன்முறைக்குப் பிறகு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனவர்களும் அவர்கள் பிள்ளைகளும் எழுப்பியவைதாம் நாம் இன்று போய் நிற்கும் கோயில்களும் தமிழ்ப் பள்ளிகளும் கடைத்தெருக்களும். ஜெர்மனியின் ஹாம் நகரில் 2002-இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்மன் கோயில், பாரிஸின் லா ஷப்பெல் கடைத்தெரு, டொராண்டோவின் ஸ்கார்பரோ, எல்லாமே அவர்கள் உழைப்பு. கனடாவின் நாடாளுமன்றம் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக 2016-இல் ஏற்றதும் அந்தச் சமூகத்தின் பலத்தால்தான். ஒரே மொழி பேசுகிறோம் என்பதால் ஒரே வரலாறு ஆகிவிடாது. முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18-உம் மாவீரர் நாளான நவம்பர் 27-உம் அவர்களுக்கு எவ்வளவு கனமான நாள்கள் என்று அறியாமல் அன்றைக்குக் கேளிக்கைக்கு அழைப்பவர் மனத்தைப் புண்படுத்திவிடுவார். விருந்தினராகப் போய், கேட்டுக்கொண்டு, தமிழ்ப் பள்ளியில் நாற்காலி அடுக்க ஒரு கை கொடுத்தால், அவர்களைப் போல வாஞ்சையாக ஏற்றுக்கொள்பவர்கள் இல்லை.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரருக்கு ஒரு பெரிய வாய்ப்பு இருக்கிறது, அதைப் பலரும் பயன்படுத்துவதில்லை. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளிப் பக்கங்களில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழ் படித்து, கடைவீதியில் உருதும் புரிந்துகொள்பவர்கள் ஏராளம். வெளிநாட்டில் தெலுங்குச் சங்கமும் கன்னடக் கூட்டமும் தமிழ்ச் சங்கமும் தனித்தனியாக இயங்கும். தளிக்காரர் மூன்றிலும் உட்கார முடியும். உருது பேசும் கிருஷ்ணகிரிக்காரருக்கு ஹைதராபாத்காரரோடும் பாகிஸ்தானியரோடும் முதல் நாளே பேச்சு ஓடும். கிரனோவெட்டர் சொன்ன அந்த அரைகுறைப் பழக்கங்கள், வட்டத்துக்கு வட்டம் பாலம் போடும் பழக்கங்கள், இவர்களுக்குப் பிறப்பிலேயே கிடைத்திருக்கின்றன. "நான் தமிழரா தெலுங்கரா என்று அங்கே கேட்பார்களே" என்று தயங்கி எதிலும் சேராமல் இருந்துவிடுவது பெரும் இழப்பு.

சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சாதியும் விமானம் ஏறுகிறது. "எந்த ஊர்? ஊருக்குள்ளேயா, காலனிப் பக்கமா?" என்ற கேள்வி ஆயிரக்கணக்கான மைல் தாண்டியும் கேட்கப்படுகிறது. நாயக்கன்கொட்டாய் அருகே 2012 நவம்பரில் மூன்று தலித் குடியிருப்புகள் கொளுத்தப்பட்ட மாவட்டம் நம்முடையது. அந்தக் கேள்வியின் பொருள் நமக்கு நன்றாகவே தெரியும். அமெரிக்காவில் சியாட்டில் நகர மன்றம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைச் சட்டப்படி தடைசெய்தது. அதே ஆண்டு கலிஃபோர்னியச் சட்டமன்றம் நிறைவேற்றிய அதே போன்ற மசோதாவை ஆளுநர் அக்டோபரில் நிராகரித்தார். சட்டம் எப்படிப் போனாலும், ஒரு குழுவில் உங்கள் ஊரையும் தெருவையும் துருவித் துருவிக் கேட்கிறார்கள் என்றால், அங்கே மனம் ஒத்துப்போகும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டியதில்லை. அப்படிக் கேட்காத தமிழர் குழுக்களும் எல்லா நாடுகளிலும் இருக்கின்றன.

மிகவும் கடினமான நிலை துணைவர் விசாவில் போகும் பெண்களுடையது. கணவருக்கு அலுவலகம் இருக்கிறது. மனைவிக்கு நான்கு சுவர். அமெரிக்காவின் எச்-4 விசாவில் இருப்பவர்கள் வேலை செய்ய 2015 வரை வழியே இல்லை. அந்த ஆண்டு வந்த விதியும், கணவரின் நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) விண்ணப்பம் குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால்தான் பொருந்தும். அரூரில் ஆசிரியராக இருந்தவர் அங்கே போய் யாருடைய மனைவி என்றே அறியப்படுவது எவ்வளவு வலிக்கும்! இவர்களில் பலருக்குக் கைகொடுத்தது வார இறுதித் தமிழ்ப் பள்ளிதான். கலிஃபோர்னியாவில் 1998-இல் சிறிதாகத் தொடங்கிய பள்ளி இன்று அனைத்துலகத் தமிழ்க் கல்விக்கழகமாக வளர்ந்திருக்கிறது. இத்தகைய பள்ளிகள் பெரும்பாலும் தன்னார்வலர்களால், அதிலும் பெண்களால் நடக்கின்றன. கற்பிப்பவர் மாணவர்களுக்காகப் போகிறார். சக ஆசிரியைகளோடு வாரந்தோறும் பாடம் தயாரிக்கும் நேரம் அவருக்கே தோழமையாகிறது. வளைகுடாவில் வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு இந்த வழியும் இல்லை. வெளியே வர விடுமுறை நாளே இல்லாத வீடுகள் உண்டு. அவர்கள் கையில் தூதரகத்தின் உதவி எண் எழுதிய தாள் ஒன்று, கைப்பேசிக்கு வெளியே, கட்டாயம் இருக்க வேண்டும்.

நம்மவர் என்ற நெருக்கத்தைக் காட்டியே ஏமாற்றுபவர்கள் எங்கும் உண்டு என்பதால் சில எச்சரிக்கைகள். அறிமுகமான இரண்டாம் வாரத்திலேயே "கூடுதல் வருமானத்துக்கு ஒரு வழி" என்று விருந்துக்கு அழைப்பவர் ஆள் பிடிக்கிறார் என்று கொள்ளுங்கள். ஊர் நம்பிக்கையில் அங்கே ஏலச்சீட்டு நடத்துபவர் ஓடிப்போனால் சட்டத்தின் உதவி கிடைப்பது அரிது. 2022-இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள் மியான்மரின் இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டு மீட்கப்பட்டார்கள். ஆகவே ஏஜென்ட் உறவினரே ஆனாலும், இந்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் அவருடைய உரிம எண்ணைச் சரிபாருங்கள். பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடா, மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி வேண்டும். அவர்களுக்குக் கட்டாயமான பிரவாசி பாரதீய பீமா காப்பீட்டில் இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய் கட்டினால் விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்குகிறது. செவிலியர்கள் அதைக் கேட்டுப் பார்க்காமல் தனியாரிடம் போக வேண்டாம்.

தமிழ்நாடு அரசு ஜனவரி 12-ஐ அயலகத் தமிழர் நாளாகச் சென்னையில் கொண்டாடுகிறது. பொங்கலுக்குச் சில நாள் முன்னதாக வருவதால், விடுமுறை கிடைத்தவர்கள் பலர் அந்த வாரத்தில் ஊரில் இருப்பார்கள். மாவட்டந்தோறும் அன்றைக்கு ஓர் அரை நாள் ஒதுக்கி, திரும்பி வந்தவர்களையும் புறப்பட இருப்பவர்களையும் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் ஒரே கூடத்தில் உட்கார வைக்கலாம். மேடையும் மாலையும் வேண்டியதில்லை. வாராவாரம் எங்கே போனீர்கள், ஐந்தாம் மாதத்தில் யாரோடு பேசினீர்கள், அங்கே யாரை நம்பக் கூடாது என்று நேருக்கு நேர் கேட்க வாய்ப்பு இருந்தால் போதும். மாவட்ட நிர்வாகமும் கல்லூரிகளும் இதைச் செய்ய வேண்டும் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, உங்கள் தெருவுக்குப் பொங்கலுக்கு வந்திருக்கும் அந்த அண்ணனையோ அக்காவையோ தேடிப் போய், சம்பளத்தைப் பற்றிக் கேட்கும் நேரத்தில் பாதியை இதைக் கேட்கச் செலவிடுங்கள்.